‘சர்வீஸ் சென்டருக்குப் போங்க’ என்று கடை கைவிரித்தால்

கேள்வி: வணக்கம் மேடம். நான் நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வடக்கேதான் இருப்பார். பாலிடெக்னிக்கில் சேரும் மகனுக்காக ஜூன் 4-ம் தேதி சேலத்தில் ஒரு பெரிய கடையில் போன் வாங்கினேன். பேப்பர் விளம்பரத்தில் வந்த மாடலைக் கேட்டேன். ‘ஸ்டாக் முடிஞ்சிருச்சு’ என்று வேறொன்றைக் காட்டினார்கள். விலை 21,999 ரூபாய். முன்பணம் வேண்டாம், வட்டி கிடையாது, மாதம் 2,833 ரூபாய் வீதம் ஒன்பது மாதம் கட்டினால் போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்து மகன் பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 25,497 வருகிறது. பில்லில் ‘டேமேஜ் புரொடெக்‌ஷன்’ 1,999, ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ 1,499 என்று இரண்டு வரி கூடுதலாக இருக்கிறது. இதை நான் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாளே போன் சூடாகித் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆனது. பேசும்போது எதிரில் பேசுகிறவர் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. கடைக்குப் போனோம். ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, ‘பெட்டியைப் பிரிச்சாச்சு, விற்ற பொருளை வாங்க மாட்டோம்னு பில்லிலேயே போட்டிருக்கு, சர்வீஸ் சென்டருக்குப் போங்க’ என்றார் மேலாளர். சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுத்தார்கள். நாலே நாளில் மறுபடி அதே பிரச்சினை. இரண்டாம் முறை கடையில் கேட்டபோது எல்லோர் முன்னாலும், ‘இந்த ரேட் போனுக்கு இவ்வளவு பேச்சா’ என்றார். மகன் ‘வாம்மா போலாம்’ என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஜூலை முதல் வாரம் முதல் தவணை பிடிப்பார்கள். அதை நிறுத்திவிடலாமா? கணவர் ‘விட்டுத் தொலை’ என்கிறார். விடுவதா, கேட்பதா?

— வாசகி, நாமக்கல்

பதில்: சகோதரி, விட வேண்டாம், கேளுங்கள். ஆனால் இனிமேல் அந்த கவுன்ட்டரில் நின்று வாயால் கேட்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், அதையும் ஜூலை 4-ம் தேதிக்கு முன்பே கேளுங்கள். அந்தத் தேதியை ஏன் சொல்கிறேன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

முதலில் அந்த மேலாளர் சொன்ன வார்த்தை. இருபத்திரண்டாயிரம் ரூபாய் என்பது உங்கள் வீட்டில் எத்தனை நாள் உழைப்பு என்று எனக்குப் புரிகிறது. மகன் முன்னால் அப்படி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு வீடு திரும்புவது எவ்வளவு கனமான விஷயம் என்பதும் புரிகிறது. இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்குமா என்று பலர் தயங்கிச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். இடம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையங்கள் பொருளின் விலையைத் திருப்பித் தரச் சொல்லும்போது மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு தரச் சொல்வது வழக்கம். அதனால் இன்றிரவே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், யார் என்ன வார்த்தை சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அவர் பெயர் தெரியாவிட்டால் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டை ஞாபகத்தில் இருக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். பத்து நாள் போனால் வார்த்தைகள் மாறிப்போகும். இப்போது எழுதியதுதான் பிறகு உங்கள் பிரமாண வாக்குமூலத்துக்கு அடிப்படையாகும்.

அடுத்து, ‘சர்வீஸ் சென்டருக்குப் போங்க’ என்ற பதில். போன் விவகாரத்தில் எனக்கு வரும் புகார்களில் இந்த வாக்கியம் இல்லாதது அபூர்வம். வாங்குகிற வரை கடை நம்முடையது போல இருக்கிறது. பணம் கைமாறியதும், ‘நாங்கள் விற்பவர்கள் மட்டும்தான், மற்றதைக் கம்பெனியிடம் பேசிக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். இதைச் சட்டம் ஏற்கவில்லை. உங்களுக்குப் பில் போட்டது கடை. அந்த விற்பனை உங்களுக்கும் கடைக்கும் நடுவே நடந்த ஒப்பந்தம். இது நேற்று வந்த விஷயம்கூட இல்லை. ஒரு பொருளைத் தொழிலாக விற்பவரிடம் வாங்கும்போது அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லப்படாத நிபந்தனையாகவே 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் (பிரிவு 16) வைத்திருக்கிறது. வாரண்டி அட்டை என்பது தயாரித்த நிறுவனம் அதற்கு மேல் தருகிற உறுதி. நிறுவனம் வாரண்டி கொடுத்துவிட்டதால் கடையின் பொறுப்பு கழன்றுபோய்விடாது. வழக்கு என்று வந்தால் கடை, தயாரித்த நிறுவனம், சர்வீஸ் சென்டர் மூவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதுதான் நடைமுறை.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுவார்கள். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பிரிவு 2(47), நியாயமற்ற வணிக நடைமுறைகள் எவையெவை என்று வரிசையாகச் சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது அதில் ஒன்று. எத்தனை நாளுக்குள் என்றால், பில்லில் சொன்ன கால அளவுக்குள். பில்லில் கால அளவு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள். ‘திரும்பப் பெற மாட்டோம்’ என்பது கால அளவு அல்ல, ஆகவே உங்களுக்கு அந்த 30 நாள் உண்டு என்பதே என் வாதமாக இருக்கும். ஜூன் 4-ல் வாங்கியிருக்கிறீர்கள், ஜூலை 4-க்குள் எழுத்தில் கேளுங்கள் என்று முதலில் சொன்னது இதனால்தான். அந்தத் தேதி தாண்டினால் உரிமையே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் 30 நாளுக்குள் கேட்டு, அவர்கள் மறுத்தார்கள் என்பது காகிதத்தில் இருந்தால் உங்கள் நிலை பல மடங்கு பலமாகும்.

‘பெட்டியைப் பிரிச்சாச்சு’ என்பதும் பெரிய வாதம் இல்லை. பிரிக்காமல் சூடாகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? வாங்கியவர் பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும் வரை அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்று அதே 1930 சட்டம் பிரிவு 41-ல் சொல்கிறது. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் போனை, நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் ஆயிரம் ரூபாய் குறைவு என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை நம் சட்டத்தில் பொதுவாகக் கிடையாது. அங்கே கடையின் சொந்தக் கொள்கைதான் முடிவு. உங்கள் விஷயம் அப்படியல்ல, உங்களுடையது குறையுள்ள பொருள். இந்த வித்தியாசத்தைக் கடைக்கு எழுதும் கடிதத்தில் ஆரம்பத்திலேயே தெளிவாக வைக்க வேண்டும்.

இதற்காக சர்வீஸ் சென்டரை ஒதுக்கிவிடாதீர்கள். அங்கிருந்துதான் உங்களுக்கு முக்கியமான சாட்சியம் கிடைக்கப் போகிறது. போன முறை ஜாப் ஷீட் (என்ன குறை, என்ன செய்தார்கள் என்று சர்வீஸ் சென்டர் பதிந்து தரும் தாள்) வாங்கினீர்களா? எனக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. வாங்கவில்லை என்றால் திரும்பப் போய் நகல் கேளுங்கள், அவர்கள் கணினியில் இருக்கும். குறை இருந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு நம் மேல்தான் இருக்கிறது. வாரண்டிக் காலத்தில் அதே கோளாறுக்காகத் திரும்பத் திரும்பப் போனதற்கான ஜாப் ஷீட்டுகள் அதற்குப் பெரிய துணை. ஆணையத்தில் போனை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் வழி உண்டு. ஆனால் அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும், நாளும் கூடும். காகிதங்கள் வலுவாக இருந்தால் அந்தத் தேவை குறையலாம்.

ஜாப் ஷீட்டில் ‘வாடிக்கையாளர் சொன்ன குறை’ என்று ஓர் இடம் இருக்கும். பெரும்பாலும் அங்கே இருப்பவர் அவசரத்தில் ‘சாஃப்ட்வேர் அப்டேட்’ என்று இரண்டு வார்த்தை தட்டிவிடுவார். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘சூடாகித் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, பேச்சின்போது குரல் அறுந்து கேட்கிறது, ஜூன் 4-ல் வாங்கியது, இது இரண்டாவது முறை’ என்று நீங்கள் சொல்கிறபடி ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். போனைத் திருப்பி வாங்கும்போது என்ன செய்தார்கள் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘குறை எதுவும் இல்லை’ என்று அவர்கள் எழுதினால், கோளாறு வரும் நேரத்தில் மகன் இன்னொரு போனில் எடுத்த வீடியோ உங்களுக்குக் கை கொடுக்கும். அந்த வீடியோவைச் சுருக்கவோ வெட்டவோ வேண்டாம், எடுத்த போனிலேயே மூலத்தை வைத்திருங்கள். பிறகு ஆணையத்தில் கொடுக்கும்போது மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் ஒன்று சேர்க்கச் சொல்வார்கள். மூலம் கையில் இருந்தால் அது எளிது. போனைக் கொடுக்கும் முன் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு, வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். பல நிறுவனங்களுக்கு ‘டிஓஏ’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. வாங்கிய சில நாளுக்குள் கோளாறு வந்தால், சர்வீஸ் சென்டர் சோதித்துச் சான்று கொடுக்கும், அதைக் காட்டினால் கடை புதுப் போன் மாற்றித் தரும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நீங்கள் மூன்றாம் நாளே கடைக்குப் போயிருக்கிறீர்கள். அப்போது இப்படி ஒரு வழி இருப்பதைக் கடை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நாளைக் கடத்திவிட்டு இப்போது ‘டிஓஏ காலம் முடிஞ்சிருச்சு’ என்று சொன்னால், அந்தத் தாமதம் உங்களால் வந்ததல்ல என்று கடிதத்தில் எழுதுங்கள்.

இனி பில்லில் கூடுதலாக வந்த அந்த இரண்டு வரிகள். போன் விலை 21,999-ஐ ஒன்பதால் வகுத்தால் மாதம் 2,444 சொச்சம். உங்களிடம் சொன்னது 2,833. மாதம் சுமார் 389 ரூபாய் வித்தியாசம், மொத்தத்தில் 3,498. ‘வட்டி இல்லை’ என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்காத இரண்டு பொருள் அதற்குள் நுழைந்துவிட்டது. தவணையில் வாங்கும்போது எல்லோரும் ‘மாசம் எவ்வளவு?’ என்றுதான் கேட்கிறோம், ‘மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்பதில்லை. விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி என்ன என்றும் பாருங்கள். பொதுவாக இது நிறுவனத்தின் ஓராண்டு வாரண்டி முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். பல நேரம் அதைத் தருவது போன் நிறுவனமே அல்ல, வேறொரு கம்பெனி. இப்போது உங்களுக்கு வந்திருக்கும் கோளாறுக்கு அதனால் ஒரு பைசா பயன் இல்லை.

ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்பது கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று பிரிவு 2(41) சொல்கிறது. கேட்காமலே பில்லில் சேர்ப்பது அதைவிட மோசம். இணையக் கடைகளில் வாடிக்கையாளரின் கூடையில் அவருக்குத் தெரியாமல் பொருளைச் சேர்ப்பதை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் பெயர் சொல்லியே தடை செய்திருக்கின்றன. நேரில் போய் வாங்குகிறவருக்கு மட்டும் அதே வேலையைச் செய்யலாம் என்று எந்தக் கடையும் வாதாட முடியாது. அவர்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: ‘ஓடிபி சொன்னீங்களே, கையெழுத்துப் போட்டீங்களே.’ ஓடிபி கடனுக்காகச் சொன்னது, இந்த இரண்டும் அதற்குள் இருப்பதாக யாரும் விளக்கவில்லை என்று எழுதுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்திடம் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற சுருக்க விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் புதிதாகத் தரும் தனிநபர் கடன்களுக்கு அதைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. காப்பீடு போன்ற பிறர் கட்டணங்களைக் கடன் நிறுவனம் வசூலித்தால் அதையும் அதில் தனியாகக் காட்ட வேண்டும். அந்தத் தாள் உங்களுக்கு வந்ததா, எந்த மொழியில் வந்தது, அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன். உங்களுக்குப் போன் காட்டிய பையன் மேல் கோபம் இருக்கும். பெரிய போன் கடைகளில் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டில் நிற்கும் பிள்ளைகள் பலர் கடையின் ஊழியர்களே அல்ல. போன் நிறுவனம் அனுப்பிய ‘புரமோட்டர்கள்’. எந்த மாடலை எத்தனை விற்றார்கள் என்று தினமும் கணக்குக் கேட்பார்கள். கடையின் சொந்த ஊழியருக்கோ வாரண்டி, டேமேஜ் பிளான் இவற்றில் டார்கெட் இருக்கும். நாள் முழுக்க நின்றே வேலை. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். உங்களிடம் இனிக்க இனிக்கப் பேசியவன் மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது தவறுதான். ஆனால் போனை மாற்றித் தரும் அதிகாரம் அவன் கையில் இல்லை. அவனோடு சண்டை போடுவதில் உங்கள் சக்தி வீணாகும். கடிதத்தைக் கடையின் நிர்வாகத்துக்கு அனுப்புங்கள், அந்த மேலாளரின் பேச்சையும் அதில் எழுதுங்கள்.

விளம்பர மாடல் ‘ஸ்டாக் இல்லை’ என்றது தனிப் புகாராகவே நிற்கும். நியாயமான அளவு சரக்கு இல்லாமல் குறைந்த விலையைக் காட்டி ஆள் இழுக்கும் விளம்பரம் கூடாது என்று 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன. அந்தப் பேப்பர் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் இதைப் பெரிதாக இழுக்க வேண்டாம், உங்கள் முக்கியப் புகார் நீர்த்துப்போகும்.

தவணையை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். இதில் நான் மிகவும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடன் ஒப்பந்தம் வேறு, விற்பனை வேறு. போன் கெட்டுப்போனது கடன் நிறுவனத்தைப் பொறுத்தவரை தவணை கட்டாததற்குக் காரணம் ஆகாது. கணக்கில் பணம் இல்லாமல் ஒருமுறை திரும்பினாலே அபராதம் போடுவார்கள், வங்கியும் தனியாகப் பிடிக்கும், சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவிலும் ஏறும். நாளைக்கு மகனின் மேல்படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டு நிற்கும்போது இந்த 2,833 ரூபாய் குறுக்கே வர வேண்டாம். கட்டிக்கொண்டே கேளுங்கள், கட்டியதையும் சேர்த்துத் திரும்பக் கேளுங்கள். கடன் நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: விற்பனை தகராறில் இருக்கிறது, இரண்டு கூடுதல் திட்டங்களுக்கு நான் சம்மதிக்கவில்லை, அவற்றை ரத்து செய்யுங்கள் என்று. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

சரி, கடைக்கு என்ன எழுதுவது? நீளமாக வேண்டாம், தமிழிலேயே எழுதலாம், ஒரு பக்கம் போதும். இப்படி ஆரம்பியுங்கள் (ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்):

“ஜூன் 4-ம் தேதி, இன்ன எண் கொண்ட பில்லில், தங்கள் கடையில் இன்ன மாடல் போனை (ஐஎம்இஐ எண் இது) 21,999 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய மூன்றாம் நாளிலிருந்து போன் சூடாகித் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, பேச்சு அறுந்து கேட்கிறது. அன்றே தங்கள் கடையில் தெரிவித்தேன். தாங்கள் சொன்னபடி சர்வீஸ் சென்டரில் கொடுத்தும் சரியாகவில்லை (ஜாப் ஷீட் இணைத்துள்ளேன்). மீண்டும் வந்து கேட்டபோது தங்கள் மேலாளர் மாற்றித் தர மறுத்ததோடு பிறர் முன்னிலையில் என்னை அவமதிக்கும் விதமாகப் பேசினார். மேலும், நான் கேட்காத இரண்டு திட்டங்களுக்கு 3,498 ரூபாய் சேர்க்கப்பட்டுள்ளது. குறையுள்ள போனைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தரவும், அல்லது அதே மாடலில் புதிய போன் தரவும். இரண்டு கூடுதல் திட்டங்களையும் எந்த நிலையிலும் ரத்து செய்யவும். 15 நாளுக்குள் இதைச் செய்யத் தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

அவ்வளவுதான். ‘மோசடி’, ‘திருடர்கள்’ போன்ற வார்த்தைகள் ஒன்றுகூட வேண்டாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் இந்தக் காகிதம் நாளை ஆணையத்தின் முன் போகப்போகிறது. இரண்டு பிரதி எடுத்து, ஒரு பிரதியில் கடையின் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்கப் போவதென்றால் வார நாளில் காலையில் போங்கள், கூட்டம் இல்லாத நேரத்தில் மேலாளரும் நிதானமாக இருப்பார். கையெழுத்துப் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், தபால் நிலையத்துக்குப் போங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் பெறுபவர் கையில் மட்டும் கொடுக்கும் பதிவு வசதியையும், சேர்ந்ததற்கான சான்றையும் கேட்டு அனுப்புங்கள். முகவரி எழுதும்போது பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரை மட்டும் எழுதாதீர்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பக்கத்தில் கம்பெனியின் முழுப் பெயர் இருக்கும், அது பலகைப் பெயரிலிருந்து மாறியிருக்கலாம். அந்தப் பெயருக்குக் கடை முகவரியிலும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். தவறான பெயரில் போட்ட புகார்கள் பின்னால் திருத்தம், மறு நோட்டீஸ் என்று மாதக்கணக்கில் இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். போன் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

கடிதம் போய்ச் சேர்ந்த கையோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். தமிழில் பேசலாம், காசு கிடையாது. அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். பெரிய கடைகளும் போன் நிறுவனங்களும் இந்த வழியில் வரும் புகாரைப் பார்க்கத் தலைமை அலுவலகத்தில் தனி ஆள் வைத்திருப்பது உண்டு. சேலத்து மேலாளரைத் தாண்டிய ஒருவர் கண்ணில் உங்கள் விஷயம் படுவதே பாதி வேலை. பல புகார்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேலத்துக்கு அலைய வேண்டுமோ என்று கவலை வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2019 சட்டம் செய்த பெரிய நன்மை. உங்களுக்கு நாமக்கல் ஆணையமே போதும். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் பதியலாம். சட்டத்தில் மூன்று மாதம், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று கால வரம்பு இருக்கிறது. நடப்பில் அதைவிடக் கூடுதல் ஆகும், அதற்குத் தயாராக இருங்கள். சமரசத்துக்கும் அங்கே ஏற்பாடு உண்டு. என்ன கிடைக்கும்? புதுப் போன் அல்லது பணம், மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சில ஆயிரங்கள். லட்சக்கணக்கில் இழப்பீடு கேட்டுப் புகார் போடச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். உத்தரவு வந்தும் கடை நிறைவேற்றாவிட்டால் அதற்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. அதனால் உத்தரவு வெறும் காகிதமாக நின்றுவிடாது.

உங்கள் கணவர் ‘விட்டுத் தொலை’ என்பது அக்கறையில் சொல்வது. ஊரில் இல்லாத நேரத்தில் நீங்கள் தனியாக அலைந்து பேச்சு வாங்குகிறீர்களே என்ற கவலை அதில் இருக்கிறது. அவரிடம் சொல்லுங்கள், இனி கடையில் போய் நிற்கப் போவதில்லை, ஒரு கடிதம், ஒரு போன் அழைப்பு, தேவைப்பட்டால் நம் ஊரிலேயே ஒரு புகார், அவ்வளவுதான் என்று. மகனையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுப்பது, நகல் எடுப்பது, தளத்தில் பதிவது எல்லாம் அவன் செய்யட்டும். கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்த பிள்ளைக்கு, அம்மா அத்தோடு விட்டுவிடவில்லை என்று தெரியட்டும்.

கடிதம் கிடைத்ததும் கடையே கூப்பிட்டுப் புதுப் போன் தருகிறேன் என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்போது அவசரப்பட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பெட்டி சீல் பிரிக்காததா என்று பார்த்து, அங்கேயே திறந்து, *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த மாடலின் எண், முடக்கப்பட்டதா என்ற விவரம் வரும். பழைய பில்லிலேயே பேனாவால் எண்ணைத் திருத்திக் கொடுத்தால் ஏற்காதீர்கள், புதிய எண்ணோடு புதிய பில் வேண்டும். மாற்றிக் கொடுத்த போனுக்கு வாரண்டியைப் பழைய தேதியிலிருந்தே கணக்கிடும் நிறுவனங்களும் உண்டு, ஆகவே எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுதி வாங்குங்கள். அந்த 3,498 ரூபாய் ரத்தானதற்கும், தவணை அதற்கேற்பக் குறைந்ததற்கும் கடன் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வந்த பிறகு, பழைய போனை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ‘எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஏதாவது படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், இவை எல்லாம் கைக்கு வந்த பிறகு போடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.